வண்டிக் கண்ணாடியில் ஸ்டிக்கரும் விடாத பசையும்



நம் இதழில் வரி, தராசு முத்திரை, சரக்கு விலை என்று எழுதுவதே வழக்கம். இம்முறை ஒரு சின்ன விஷயத்தை எழுதுகிறேன். சின்ன விஷயம் என்று அலட்சியமாக இருந்ததால் எனக்கு ஏற்பட்ட பண நஷ்டமும், ஒரு மனிதர் மயிரிழையில் உயிர் தப்பியதும்தான் எழுதக் காரணம்.

2022-ஆம் ஆண்டில் சரக்கு எடுப்பதற்காகப் பழைய நான்கு சக்கர வண்டி ஒன்றை வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது. ஆனால் முன்கண்ணாடியில் முன்பு வைத்திருந்தவரின் கடைப் பெயர், ஒரு சாமி படம், எப்போதோ நடந்த தேர்தலின் சின்னம் என்று ஏகப்பட்ட ஸ்டிக்கர்கள். நம் வண்டியில் இன்னொருவர் கடைப் பெயர் இருக்கலாமா? கடையில் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டு, "சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடு" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். பாத்திரம் தேய்க்கும் தூளும் கம்பி நாரும் எடுத்து, பசை போகும்வரை அழுத்தித் தேய்த்தார். பகலில் பார்த்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நானும் பாராட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, திண்டிவனத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பினோம். கிளியனூரைத் தாண்டும்போது எதிரே ஒரு லாரி. அதன் விளக்கு வெளிச்சம் கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை போலப் பரவியது. ஓட்டுநர், "முதலாளி, எதிர்ல லைட்டு வந்தா ரோடே தெரியல" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், ஓரமாகப் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஒருவர் வண்டிக்கு முன்னால் தெரிந்தார். பிரேக் பிடித்ததில் சரக்கு சரிந்தது. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பி நார் போட்ட ஆயிரம் கீறல்கள் பகலில் கண்ணுக்குத் தெரியவில்லை. இரவில் ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தைச் சிதறடித்தது. புதுக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று. பழைய கண்ணாடியோடு அதில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கும் போயிற்று. அடுத்த நடையில் மொரட்டாண்டி சுங்கச்சாவடியில் விதிப்படி இருமடங்கு கட்டணம் கட்டினேன்.

தேய்த்தவர் மேல் குற்றமில்லை. எப்படி எடுப்பது என்று சொல்லிக் கொடுக்காத என் மேல்தான் குற்றம். அதன் பிறகு, வண்டி கழுவுபவர்களையும், கண்ணாடி போடும் கடைக்காரர்களையும் கேட்டு, என் வண்டியிலும் கடை அலமாரியிலும் செய்து பார்த்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பசையின் குணம் என்ன?

நாம் சிறுவர்களாக இருந்த காலத்தில் சுவரொட்டி ஆனாலும், பாட்டில் லேபிள் ஆனாலும் மைதா மாவுப் பசை அல்லது பிசின்தான். இரண்டும் தண்ணீரில் கரைவன. பாட்டிலை வாளியில் இரவு முழுக்க ஊறப் போட்டால் காலையில் லேபிள் தானாக மிதக்கும். அந்த ஞாபகத்தில்தான் இன்றும் ஸ்டிக்கர் என்றால் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறோம்.

இன்றைய ஸ்டிக்கர் பசையின் வழியே வேறு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1930-இல் ஒட்டும் கண்ணாடி டேப்பைக் கொண்டுவந்தார். 1935-இல் ஸ்டான்டன் ஏவரி என்பவர், பின்னால் உள்ள தாளை உரித்து அப்படியே ஒட்டும் லேபிளை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார். நாம் இன்று விலை ஒட்டும் சின்ன லேபிள் வரை எல்லாம் அந்த வழியில் வந்தவையே. இவற்றின் பசை ரப்பரும் பிசினும் சேர்ந்தது, அல்லது அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. இது மாவுப் பசை போல உலர்ந்து இறுகுவதில்லை. வெல்லப் பாகின் பதத்தில், திடமும் இல்லாமல் திரவமும் இல்லாமல் எப்போதும் இருக்கும். விரலால் அழுத்தியதும் கண்ணாடியின் நுண்ணிய மேடு பள்ளங்களில் இறங்கிப் பற்றிக்கொள்ளும்.

இந்தப் பசைக்குத் தண்ணீர் பகை, எண்ணெய் உறவு. ரப்பர் பசைக்குள் எண்ணெய் மெல்ல ஊறிச் செல்லும். பசை உப்பி, பிடி தளர்ந்துவிடும். அக்ரிலிக் பசை எண்ணெய்க்கு அவ்வளவாக மசியாது. அதற்கு ஸ்பிரிட் வேண்டும். சூடு இரண்டையும் இளக்கும்.

ஒட்டிய ஒரு மாதத்துக்குள் எடுத்தால் ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வருகிறது. நான்கு வருஷம் ஆனால் பொடிப்பொடியாகக் கிழிகிறது. நம் ஊர் வெயில்தான் காரணம். வெயில் மேல் தாளை நொறுங்க வைக்கிறது. பசையைக் கண்ணாடியோடு இறுக வைக்கிறது. ஆகவே எடுக்க வேண்டியது என்று தெரிந்தால் தள்ளிப் போடாமல் எடுப்பதே சுலபம்.

எடுக்கக் கூடாதவை

வேலையைத் தொடங்கும் முன், எதை எடுக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக்: முன்கண்ணாடியின் உட்பக்கத்தில், மேலே நடுவில் ஒட்டியிருப்பது. அதற்குள் மெல்லிய உலோகப் படலமும் சிப்பும் உண்டு. உரித்தால் படலம் கிழிந்து பயனற்றுப் போகும்; மறுபடி ஒட்ட முடியாது. 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இது கட்டாயம். இல்லாமல் ரொக்கமாகக் கட்டியவர்களுக்கு அப்போது இருமடங்கு விதிக்கப்பட்டது. கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டும் ஃபாஸ்டேக்குகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதாக நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது. ஆகவே கண்ணாடியை மாற்றும் நிலை வந்தால் முதலில் வங்கியில் சொல்லிப் புது டேக்குக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பழைய வண்டியை விற்பவர்களும் வாங்குபவர்களும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். விற்பவர், வங்கியில் டேக் கணக்கை முடித்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் ஓட்டும் ஓட்டத்துக்கு உங்கள் இருப்பிலிருந்து பணம் போகும்.

பதிவெண் ஸ்டிக்கர்: 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகையோடு, முன்கண்ணாடியில் ஒட்டும் மூன்றாவது பதிவெண் ஸ்டிக்கரும் உண்டு. எடுத்தால் தானே சிதையும்படி செய்யப்பட்டது அது. அதைத் தொட வேண்டாம்.

எடுத்தே ஆக வேண்டியவை

நம் சரக்கு வண்டிகள் சென்னைக்குப் போய் வருகின்றன. பத்திரிகை, காவல்துறை என்று சம்பந்தம் இல்லாதவர்கள் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர்கள் மீது 2024 மே 2 முதல் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்து, அபராதமும் விதித்தது. பழைய வண்டி வாங்கியவர்கள், முன்னவர் ஒட்டிய இந்த மாதிரி ஸ்டிக்கர் தம் வண்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். "நான் ஒட்டவில்லை" என்று வழியில் நின்று வாதாடிக்கொண்டிருந்தால், சரக்கு வெயிலில் காயும்.

அடுத்தது கறுப்பு ஃபிலிம். மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது பலர் அவசர அவசரமாக ஃபிலிமைக் கிழித்தார்கள். ஃபிலிம் போயிற்று, பசை நின்றது. அந்தப் பசையில் தூசி படிந்து, கண்ணாடி முன்பை விட மங்கிப் போன வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

செய்முறை

தேவையான பொருள்களில் பெரும்பாலானவை நம் கடையிலேயே உள்ளன: சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஆப்ப சோடா, நீலகிரித் தைலம், பழைய பருத்தித் துணி. மருந்துக் கடையில் ஒரு சிறு புட்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கிக்கொள்ளுங்கள்.

1. நேரம்: காலை அல்லது மாலையில், நிழலில் வண்டியை நிறுத்துங்கள். உச்சி வெயிலில் பசை இளகும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்பிரிட் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும், பசை இழுபட்டு அப்பிக்கொள்ளும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால், ஏற்கனவே கல் பட்டு விரிசல் இருந்தால் அது நீண்டு ஓடும்.

2. முதலில் கழுவுங்கள்: இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பொருள்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5, மணல் 7. கடற்கரை ஊரான நமக்குக் காற்றிலேயே மணல். கண்ணாடியைக் கீறுவது பெரும்பாலும் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிய மணல்தான். நிறையத் தண்ணீர் விட்டுச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

3. சூடு: கை பொறுக்கும் வெந்நீரில் துணியை நனைத்து, ஸ்டிக்கர் மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஆறினால் மறுபடி நனைத்துப் போடலாம். வீட்டில் தலைமுடி உலர்த்தும் டிரையர் இருந்தால் ஓரடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டலாம்.

4. உரித்தல்: ஒரு மூலையை நகத்தால் அல்லது பழைய ஏ.டி.எம். அட்டையால் கிளப்புங்கள். கண்ணாடியிலிருந்து நேராக வெளியே இழுக்காமல், பின்னுக்கு மடக்கி, கண்ணாடியை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் பசையும் தாளோடு வரும். வெடுக்கென்று இழுத்தால் தாள் மட்டும் வரும்.

5. எண்ணெய்: மிஞ்சிய பசைமேல், இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயில் இரண்டு கரண்டி ஆப்ப சோடா குழைத்துத் தடவி, அரை மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விற்கிற விலையில் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். புதுக் கண்ணாடியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆப்ப சோடா கண்ணாடியை விட மிகவும் மென்மையானது, கீறாது. பிறகு துணியால் வட்டமாகத் தேய்த்தால் பசை உருண்டு திரண்டு வரும். மேல் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. வெந்நீர்த் துணியால் தாளை முதலில் நீக்கிவிட வேண்டும்.

6. தைலமும் ஸ்பிரிட்டும்: எண்ணெய்க்கு மசியாத பசைக்கு நீலகிரித் தைலம் சில சொட்டுகள். அதற்கும் விடாவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட். துணியில் நனைத்து, பசைமேல் இரண்டு நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள்.

7. பிளேடு: கடைசி வழி. புது பிளேடு, பிடியில் மாட்டியது. கண்ணாடி சோப்புத் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்து, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். பின்னுக்கு இழுத்தால் அடியில் மாட்டிய துகள் கோடு போடும். துரு ஏறிய பிளேடு வேண்டவே வேண்டாம்.

8. கடைசிக் கழுவல்: எண்ணெய்ப் பிசுக்கு போக இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். முன்கண்ணாடியில் எண்ணெய் மிஞ்சினால், ஐப்பசி மழையில் வைப்பர் ஒவ்வொரு வீச்சிலும் அதைப் பூசிக்கொண்டே இருக்கும்.

9. சோதனை: அன்று இரவே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே ஒருவரை டார்ச் விளக்கு அடிக்கச் சொல்லிப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வானவில் போலவோ, புகை போலவோ தெரிந்தால் பிசுக்கு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். இந்த ஒரு சோதனையை நான் அன்று செய்திருந்தால், கிளியனூரில் நடந்தது நடந்திருக்காது.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சிதறாமல் நிற்கும். மேற்சொன்ன முறைகள் எல்லாம் இதற்குப் பொருந்தும்.

பக்கக் கண்ணாடி சூடேற்றிக் கடினப்படுத்தியது. உடைந்தால் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டும். ஓரங்களில் தட்டுவதும், கத்தி முனையால் குத்துவதும் கூடாது. எண்ணெயும் ஸ்பிரிட்டும் கீழே வழிந்து ரப்பர் பீடிங்கில் இறங்காமல் ஒரு துணியைச் செருகிக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் நாளடைவில் உப்பித் தளரும்.

பல கார்களின் பின்கண்ணாடியில் உட்பக்கம் மெல்லிய கோடுகள் ஓடும். அவை மழைக்காலத்தில் பனி படியாமல் கண்ணாடியைச் சூடேற்றும் மின்கோடுகள். பிளேடு பட்டால் கோடு அறுந்துவிடும். அங்கே பிளேடு, சோடா இரண்டையும் விட்டு, எண்ணெயும் துணியும் மட்டும் பயன்படுத்தி, கோடு ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும்.

ஃபிலிமை எடுக்க: கண்ணாடியின் வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்து, கறுப்பு பாலிதீன் தாளை ஒட்டி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். இதற்கு மட்டும்தான் வெயில் வேண்டும். கறுப்புத் தாள் சூட்டை இழுக்க, உள்ளே ஃபிலிமின் பசை இளகும். பிறகு மேல் மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் பெரும் பகுதி ஒன்றாகவே வரும்.

முகப்பு விளக்கின் மூடி, ஆட்டோவின் பிளாஸ்டிக் திரை, இருசக்கர வண்டியின் காற்றுத் தடுப்பு ஆகியவை கண்ணாடி அல்ல. தின்னரோ, நகச்சாயம் அழிக்கும் திரவமோ பட்டால் வெளிறி வெடித்துவிடும். இவற்றுக்குத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போதும்.

கூடவே கூடாதவை

பெட்ரோல்: பசை உடனே போகும் என்று பலர் பெட்ரோல் துணியால் துடைக்கிறார்கள். பெட்ரோலின் ஆவி, உறைநிலைக்குச் சுமார் 40 டிகிரி கீழேயும் தீப்பற்றக் கூடியது. காற்றை விடக் கனமான அந்த ஆவி, கதவு மூடிய வண்டிக்குள் தரையோடு தேங்கி நிற்கும். வாசலில் யாரோ பீடி பற்ற வைத்தாலும் போதும். கடை வாசலில் கற்பூரம் ஏற்றும் பழக்கம் நமக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிரிட்டும் தீப்பற்றும் பொருளே. கதவுகளைத் திறந்து வைத்து, புட்டியை மூடி வைத்தே பயன்படுத்துங்கள்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தோடு பிளீச்சிங் கலப்பது: இரண்டும் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் நச்சுப் புகை எழும். "இரண்டும் அழுக்கு எடுப்பதுதானே" என்று வீட்டிலும் கலந்துவிடுகிறார்கள். இவற்றை விற்கும் நாம் வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கம்பி நார், பாத்திரத் தூள், மணல், செங்கல் பொடி: என் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன்.

கடைக்கும் இது பொருந்தும்

நம் கடைகளின் கண்ணாடி அலமாரி, பிஸ்கட் பாட்டில், குளிர்பானப் பெட்டியின் கதவு ஆகியவற்றில் கம்பெனிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன பழைய விளம்பரங்களுக்கும் இதே முறைதான். அவற்றை எடுத்துவிட்டால், வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்குச் சரக்கு பளிச்சென்று தெரியும். ஆனால் மின் தராசில் எடையளவுத் துறை வைத்த முத்திரையையும், சரக்கின் மேல் உள்ள விலை லேபிளையும் இந்த உற்சாகத்தில் எடுத்துவிடாதீர்கள். அவை சட்டம் சார்ந்தவை.

நிறைவாக ஒன்று. வாடிக்கையாளர் வந்து, "ஸ்டிக்கர் பசை போக என்ன அண்ணாச்சி வாங்கலாம்?" என்று கேட்டால், விலை கூடிய ஏதோ ஒன்றை எடுத்துத் தலையில் கட்ட வேண்டாம். "வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் போதும்; அரை மணி நேரம் பொறுத்துத் தேய்க்கவும்" என்று சொல்லுங்கள். அன்று பத்து ரூபாய் வியாபாரம் குறையலாம். ஆனால் அவர் வீட்டு மாத மளிகைச் சீட்டு உங்கள் கடைக்கே வரும். நாற்பது ஆண்டு வியாபாரத்தில் நான் கற்றது அதுதான்.

அந்த அரை மணி நேரம் பொறுக்காததால் எனக்கு ஒரு கண்ணாடி போயிற்று. ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாமல் காத்தது தெய்வம். உங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பிகளை அழைத்து, இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.